ஆன்சிபிள் வழியாகப் பயனர் கணக்குகளை உருவாக்கிய பின் எழுந்த மூன்று சிக்கல்கள்

1. புதுநிர்வாகி

வணக்கம். எங்கள் குழுவின் பொறுப்பில் 40 லினக்ஸ் சேவையகங்கள் இருக்கின்றன. அவற்றுள் பாதி டெபியன். மீதி ரெட் ஹேட் குடும்பத்தைச் சேர்ந்தவை. புதிதாக ஒருவர் பணியில் சேரும்போதெல்லாம் ஒவ்வொரு சேவையகத்துக்குள்ளும் நுழைந்து, கணக்கைக் கையாலேயே உருவாக்கிவந்தோம். இந்த வேலையைக் குறைப்பதற்காக, பல சேவையகங்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் ஆன்சிபிள் கருவியைக் கற்றுக்கொண்டு, பயனர் கணக்குகளைக் கையாளும் அதன் யூசர் மாட்யூலைப் பயன்படுத்தி ஒரு பிளேபுக் (செய்ய வேண்டிய பணிகளை விவரிக்கும் கோப்பு) எழுதினேன். புதியவர்கள் மூவரையும், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் மூத்த சக ஊழியர் ஒருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்து, எல்லோரையும் 'திட்டம்' என்ற புதிய குழுவில் இடுமாறு எழுதியிருந்தேன்.

பிளேபுக் எந்தப் பிழையும் இன்றி ஓடி முடிந்தது. ஆனால் மறுநாள் மூன்று புகார்கள் வந்தன. புதியவர்கள் மூவராலும் நான் கொடுத்த கடவுச்சொல்லைக் கொண்டு எந்தச் சேவையகத்திலும் நுழைய முடியவில்லை. மூத்த சக ஊழியரால் எங்குமே சுடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் வழி) பயன்படுத்த முடியவில்லை. மூன்றாவதுதான் என்னைக் கலங்க வைத்தது: என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக எல்லோரும் பகிரும் சேமிப்பகத்தில், புதியவர் ஒருவர் உருவாக்கிய கோப்புகள் அந்த மூத்தவரின் பெயரில் தெரிகின்றன. பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் இவ்வளவும் எப்படி நடந்தது என்று விளக்க முடியுமா?

2. முனைவழி

வணக்கம் நண்பரே. மூன்றும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை. கடவுச்சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஏதேனும் ஒரு சேவையகத்தில் ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட பயனராக) நுழைந்து, கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைப் பாருங்கள். அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

புதியவர்1:தற்காலிகம்123:19800:0:99999:7:::

முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒன்பது புலங்களில் இரண்டாவதைக் கவனியுங்கள். அங்கே இருக்க வேண்டியது கடவுச்சொல் அன்று, கடவுச்சொல்லின் ஹேஷ், அதாவது அதிலிருந்து கணக்கிடப்பட்ட, மூலத்துக்குத் திருப்ப முடியாத ஒரு சரம். ஷா-512 முறையில் உருவான ஹேஷ் என்றால் அது டாலர் குறி, 6, டாலர் குறி என்று தொடங்கும். யூசர் மாட்யூல் நீங்கள் கொடுக்கும் மதிப்பை எதுவும் செய்யாமல் அப்படியே அந்தப் புலத்தில் எழுதிவிடும். கையால் கணக்கு உருவாக்கும் யூசர்ஆட் கட்டளையின் பி விருப்பமும் அவ்வாறே செய்யும். பயனர் கடவுச்சொல்லைத் தட்டும்போது கணினி அதற்கு ஹேஷ் கணக்கிட்டு இந்தப் புலத்தோடு ஒப்பிடுகிறது. புலத்தில் இருப்பதோ ஹேஷே அன்று என்பதால் அவை ஒருபோதும் பொருந்தா.

மதிப்பு ஹேஷ் போலத் தெரியவில்லை என்று ஆன்சிபிள் திரையில் ஓர் எச்சரிக்கையும் காட்டியிருக்கும். அது எச்சரிக்கை மட்டுமே என்பதால் ஓட்டம் நிற்காது.

தீர்வு எளிது. மதிப்பை, அதை ஹேஷாக மாற்றித் தரும் பாஸ்வேர்ட்_ஹேஷ் வடிப்பான் வழியாக அனுப்புங்கள். மூலக் கடவுச்சொல்லை ஆன்சிபிள் வால்ட்டில் குறியாக்கம் செய்து வையுங்கள். அதற்கும் முன்பாக, அந்த மூன்று கடவுச்சொற்களும் வெளியாகிவிட்டன என்றே கொண்டு அவற்றைக் கைவிடுங்கள். அவை 40 ஷேடோ கோப்புகளில் வெற்றுரையாகக் கிடக்கின்றன. பிளேபுக், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் இருந்தால் அதன் வரலாற்றிலும் இருக்கும். வரியை இப்போது அழித்தாலும் பழைய கமிட்டுகளிலிருந்து (சேமித்த பதிப்புகளிலிருந்து) அது போய்விடாது.

3. புதுநிர்வாகி

மிக்க நன்றி. எச்சரிக்கை வந்தது உண்மைதான். அதைப் படிக்காமல் கடந்துவிட்டேன். புதிய கடவுச்சொற்களை வால்ட்டில் வைத்து, வடிப்பானைச் சேர்த்த பின் மூவராலும் நுழைய முடிகிறது. ஆனால் இப்போது பிளேபுக்கை எத்தனை முறை ஓட்டினாலும், எதையும் மாற்றாதபோதும், மூன்று கணக்குகளும் 'மாற்றப்பட்டது' என்றே காட்டப்படுகின்றன. ஒரே நிலையை மீண்டும் கேட்டால் மாற்றம் ஏதும் நிகழக் கூடாது அல்லவா?

4. முனைவழி

நல்ல கேள்வி. இது திரையில் தெரியும் நிறம் தொடர்பான சிறு குறை அன்று என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹேஷ் கணக்கிடும்போது கடவுச்சொல்லோடு 'உப்பு' எனப்படும் ஒரு சீரற்ற சரம் சேர்க்கப்படுகிறது. அதை நீங்கள் குறிப்பிடாவிட்டால் வடிப்பான் ஒவ்வோர் ஓட்டத்திலும் புதிய உப்பைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே கடவுச்சொல் ஒன்றாகவே இருந்தாலும் ஹேஷ் ஒவ்வொரு முறையும் வேறாகிறது. ஆன்சிபிள் ஒப்பிடுவது ஹேஷ் சரங்களை மட்டுமே என்பதால், வேறுபாடு கண்டவுடன் புதியதை எழுதிவிடுகிறது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். புதியவர் இன்று தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை நீங்கள் வேறொருவரைச் சேர்ப்பதற்காகப் பிளேபுக்கை ஓட்டினால், அவர் தேர்ந்தெடுத்த கடவுச்சொல் அழிந்து, நீங்கள் முதலில் கொடுத்த தற்காலிகக் கடவுச்சொல் திரும்ப வந்துவிடும். உப்பை நிலையாக வைப்பது மட்டும் இதைத் தடுக்காது. அவர் மாற்றிய ஹேஷும் உங்களுடையதும் எப்படியும் வேறுபடும். அப்டேட்_பாஸ்வேர்ட் என்ற அளவுருவுக்கு இயல்பான மதிப்பு 'ஆல்வேஸ்'. அதை 'ஆன்_கிரியேட்' என்று மாற்றுங்கள். பிறகு கணக்கு முதன்முறை உருவாகும்போது மட்டுமே கடவுச்சொல் எழுதப்படும்.

முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்த விரும்பினால், கடவுச்சொல்லின் காலக்கெடுவை அமைக்கும் சேஜ் கட்டளையின் டி விருப்பத்துக்கு 0 கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணி, கணக்கு புதிதாக உருவான ஓட்டத்தில் மட்டும் நடக்குமாறு நிபந்தனை இடுங்கள். இல்லையேல் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அனைவரும் கடவுச்சொல் மாற்ற வேண்டியிருக்கும்.

5. கோப்புமரம்

சுடோ இழந்தது பற்றி நான் எழுதுகிறேன். மூத்த சக ஊழியரின் பதிவில் குரூப்ஸ் என்ற அளவுருவுக்கு 'திட்டம்' என்று மட்டும் எழுதி, அப்பெண்ட் அளவுருவை விட்டுவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்பெண்ட் இயல்பாக 'ஃபால்ஸ்' ஆகவே இருக்கும். அந்த நிலையில் நீங்கள் எழுதிய பட்டியலே அவருடைய கூடுதல் குழுக்களின் முழுப் பட்டியல் என்று ஆன்சிபிள் கொள்ளும். பட்டியலில் இல்லாத குழுக்களிலிருந்து அவரை விலக்கிவிடும். டெபியனில் 'சுடோ' குழுவிலிருந்தும் ரெட் ஹேட்டில் 'வீல்' குழுவிலிருந்தும் அவர் நீங்கியது அப்படித்தான்.

இது ஆன்சிபிளுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி விருப்பத்தைச் சிறிய ஏ இல்லாமல் கொடுத்தாலும் இதுவேதான் நடக்கும். நானும் என் தொடக்க நாள்களில் ஒருமுறை என்னை டாக்கர் (கண்டெய்னர் எனும் தனித்த சூழல்களில் நிரல்களை ஓட்டும் கருவி) குழுவில் சேர்க்க முயன்று, சுடோ குழுவிலிருந்து நீக்கிக்கொண்டேன். குழு மாற்றம் புதிய உள்நுழைவில்தான் நடைமுறைக்கு வரும் என்பதால், பழைய அமர்வில் குழுக்களின் பட்டியலைப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. வெளியேறித் திரும்பி நுழைந்த பிறகே இழப்பு தெரிந்தது. ரூட்டாக நேரடியாக நுழைவதும் அந்தச் சேவையகத்தில் தடுக்கப்பட்டிருந்ததால், கன்சோல் வழியாக மீட்பு நிலைக்குச் சென்றுதான் சரிசெய்ய முடிந்தது.

உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆன்சிபிள் பயன்படுத்தும் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லாததால் அதன் உரிமைகள் அப்படியே இருக்கின்றன. அப்பெண்ட் அளவுருவை 'ட்ரூ' ஆக்கி, அவருடைய பழைய குழுக்களையும் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். ஆன்சிபிளின் சொந்தக் கணக்கை மனிதர்களின் பட்டியலில் எந்நாளும் சேர்க்காதீர்கள்.

6. இரவுப்பணி

கோப்புமரம் அவர்கள் சொன்ன காரணம் சரியே. ஆனால் அப்பெண்ட்டை எப்போதும் 'ட்ரூ' ஆக வைப்பது நல்ல வழி என்பதை நான் ஏற்கவில்லை. ஒருவர் ஒரு பணியிலிருந்து விலகியதும் அவருடைய பதிவிலிருந்து அந்தக் குழுவின் பெயரை நீக்குகிறோம். அப்பெண்ட் 'ட்ரூ' ஆக இருந்தால் கோப்பில்தான் குழு நீங்கும். சேவையகத்தில் அவர் அந்தக் குழுவிலேயே தொடர்வார். ஓராண்டுக்குப் பின் கோப்பைப் படிப்பவர், அவருக்கு அந்த உரிமை இல்லை என்று நம்புவார். டாக்கர் குழு போன்றவற்றில் இது மிகவும் ஆபத்தானது. அந்தக் குழுவில் இருப்பவர், ஹோஸ்ட்டின் கோப்பமைப்பை ஒரு கண்டெய்னருக்குள் இணைத்து ரூட்டுக்கு நிகரான அதிகாரத்தைப் பெற முடியும். யாருக்கு எந்த உரிமை என்பதைக் கோப்பே தீர்மானிக்க வேண்டுமென்றால் அப்பெண்ட் 'ஃபால்ஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும்.

7. கோப்புமரம்

தங்கள் வாதம் வலுவானது, ஐயா. இருப்பினும் அது கோப்பு முழுமையாக இருக்கும் இடத்துக்கே பொருந்தும். இவர்களுடைய சேவையகங்களில் பல ஆண்டுகளாகக் கையால் செய்த மாற்றங்கள் குவிந்திருக்கின்றன. யாரை எந்தக் குழுவில் எதற்காகச் சேர்த்தார்கள் என்பது ஒரு கோப்பிலும் இல்லை. அந்நிலையில் 'ஃபால்ஸ்' என்று ஓட்டினால், யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் இரவுநேரப் பணி நின்றுபோகும். முதலில் கெட்என்ட் கட்டளையால் 40 சேவையகங்களின் குழுப் பட்டியலையும் திரட்டி, கோப்பில் ஏற்றி, பிறகு 'ஃபால்ஸ்' நிலைக்கு மாறட்டும் என்கிறேன்.

8. இரவுப்பணி

அந்த வரிசை எனக்கும் உடன்பாடே. திரட்டும் வேலைக்கு ஒரு நாள் குறித்துவிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நாள் குறிக்காவிட்டால் 'ட்ரூ' அங்கேயே நிலைத்துவிடும்.

9. முனைவழி

இடையில் இரு சிறு குறிப்புகள். டெபியனில் நிர்வாகக் குழு 'சுடோ', ரெட் ஹேட்டில் 'வீல்' என்பதால், இயங்குதளக் குடும்பத்தைப் பொறுத்து மாறும் ஒரு மாறியில் அந்தப் பெயரை வையுங்கள். இல்லாத குழுவைக் குறிப்பிட்டால் யூசர் மாட்யூல் அதை உருவாக்காது; பிழை காட்டி நின்றுவிடும். குழுக்களை முன்கூட்டியே குரூப் மாட்யூலால் உருவாக்க வேண்டும்.

ஷெல்லையும் (தட்டும் கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலையும்) வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் டெபியன் சேவையகங்களில் பாஷுக்குப் பதிலாக எளிய எஸ்எச் ஷெல் அமையும். அதில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வராமல் வெறும் குறியீடுகள் வரும். கணக்கில் ஏதோ பழுது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

10. இரவுப்பணி

இனி மூன்றாவது சிக்கல். மூன்றில் இதுவே கனமானது. மற்ற இரண்டும் வேலையைத் தடுத்தன, இது தரவைத் தொடுகிறது.

லினக்ஸில் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயராகச் சேமிக்கப்படுவதில்லை, எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் நாம் காணும் பெயர், அந்தந்தச் சேவையகத்தில் பயனர்களின் பெயர்களும் எண்களும் உள்ள பாஸ்வேர்ட் கோப்பில் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டப்படுவது. எல்எஸ் கட்டளைக்கு எல், என் ஆகிய இரு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுத்தால் பெயருக்குப் பதில் எண்ணையே காணலாம். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் அணுகல் உரிமையைத் தீர்மானிப்பதும் இந்த எண்தான்.

எண்ணைக் குறிப்பிடாமல் கணக்கு உருவாக்கினால், யூசர்ஆட் பொதுவாக 1000 முதல் 60000 வரையிலான வரம்பில், அந்தச் சேவையகத்தில் ஏற்கெனவே உள்ள எல்லா எண்களுக்கும் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் கையால், வெவ்வேறு வரிசையில் கணக்குகளை உருவாக்கியிருப்பதால் உங்கள் சேவையகங்களில் அந்த 'அடுத்த எண்' ஒன்றுபோல் இருக்காது. புதியவர் ஒரு சேவையகத்தில் 1004 ஆகவும் இன்னொன்றில் 1007 ஆகவும் அமைந்திருப்பார். கோப்புச் சேவையகத்தில் 1004 என்பது மூத்த சக ஊழியருடைய எண் என்றால், முதல் சேவையகத்திலிருந்து புதியவர் எழுதும் கோப்பெல்லாம் மூத்தவருடையதாகவே பதிவாகும்.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். புதியவரால் அந்தச் சேவையகத்திலிருந்து மூத்தவரின் தனிப்பட்ட கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் முடியும். எவரும் எந்தத் தடையையும் மீறாமலேயே இது நிகழ்கிறது. ஆகையால், வேறெதையும் செய்யுமுன் அந்தச் சேவையகங்களில் புதியவர்களின் கணக்குகளைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் நிலையான ஒரு எண்ணை ஒதுக்கி, யூஐடி (பயனர் எண்) அளவுருவில் எழுதுங்கள். கையால் உருவான எண்கள் 1000-இன் அருகே நெருங்கிக் கிடக்கும். எனவே புதிய ஒதுக்கீட்டை 5000-இல் தொடங்குவது போலச் சற்றுத் தள்ளி வைப்பது வசதி. குழு எண்களுக்கும் இதே விதிதான்.

11. புதுநிர்வாகி

எல்எஸ் கட்டளையை எண்களோடு ஓட்டிப் பார்த்தேன். தாங்கள் சொன்னவாறே 6 சேவையகங்களில் புதியவருடைய எண் 1004. கோப்புச் சேவையகத்தில் அதே எண் மூத்தவருக்கு உரியது. கணக்குகளை நிறுத்திவிட்டேன். யூஐடி அளவுருவைச் சேர்த்து ஓட்டிவிட்டு, பகிர்ந்த சேமிப்பகத்தில் 1004 என்று இருக்கும் கோப்புகள் அனைத்தையும், உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையால் புதிய எண்ணுக்கு மாற்றினால் போதுமா?

12. இரவுப்பணி

அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். 1004 என்று பதிவான கோப்புகளில் பெரும்பாலானவை உண்மையாகவே மூத்தவருடையவை. அனைத்தையும் மாற்றினால் அவருடைய இத்தனை ஆண்டு வேலையும் புதியவர் பெயருக்குப் போய்விடும். எண் மட்டும் பதிவாகியிருப்பதால், இரண்டையும் கணினியால் பிரித்தறிய முடியாது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில், புதியவரின் கணக்கு உருவான நாளுக்குப் பின் மாறிய 1004 எண் கோப்புகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். அந்தப் பட்டியலை இருவரிடமும் கொடுத்து, எவை யாருடையவை என்று குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் குறித்தவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும் வேலையைக் கோப்புச் சேவையகத்திலேயே செய்யுங்கள். என்எஃப்எஸ் இணைப்பின் வழியாகச் செய்ய முயன்றால், ரூட்_ஸ்குவாஷ் என்ற இயல்பான அமைப்பு உங்கள் ரூட்டை உரிமையற்ற பயனராக மாற்றிவிடும், சோன் மறுக்கப்படும்.

மற்ற சேவையகங்களில் யூஐடி அளவுருவால் எண் மாறும்போது பின்னணியில் யூசர்மாட்தான் ஓடுகிறது. அது முகப்பு அடைவுக்குள் இருக்கும் கோப்புகளையும் அஞ்சல்பெட்டியையும் தானே மாற்றிக்கொள்ளும். முகப்பு அடைவுக்கு வெளியே இருப்பவை பழைய எண்ணிலேயே நிற்கும். அந்தப் பயனரின் செயல்கள் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் எண்ணை மாற்றவே மறுத்துவிடும். முதலில் ஒரே ஒரு சேவையகத்தில் லிமிட் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்; அதற்கும் முன் செக் விருப்பத்தோடு ஓட்டினால், எவை மாறும் என்பதை மாற்றாமலேயே காட்டும்.

13. மையஅடைவு

40 சேவையகங்கள் என்னும் அளவில், ஃப்ரீஐபிஏ போன்ற மைய அடைவுச் சேவைக்கு மாறுவதே முறை என்பது என் கருத்து. பயனர் எண் ஓரிடத்தில் ஒதுக்கப்பட்டால் இந்த மூன்றாவது சிக்கல் எழவே எழாது.

14. முனைவழி

மனிதர்களின் கணக்குகளைப் பொறுத்தவரை உடன்படுகிறேன். ஆயினும் அந்த மையச் சேவை விழுந்தாலும் உள்ளே நுழைவதற்கு ஓரிரு உள்ளகக் கணக்குகள் தேவை. நிரல்களுக்கான கணக்குகளும் பெரும்பாலும் உள்ளகமாகவே இருக்கும். அவற்றுக்கு இதே யூசர் மாட்யூல்தான் கைகொடுக்கும். புதுநிர்வாகி இப்போதைய குழப்பத்தைத் தீர்த்து, எண்களை ஒழுங்குபடுத்தாமல் மைய அடைவுக்கு மாறினால், அதே குழப்பமும் அங்கே குடிபெயரும்.

15. புதுநிர்வாகி

தெளிவாகப் புரிந்தது. ஒரு கேள்வி மட்டும் மீதம். ஒருவர் பணியை விட்டுச் சென்றால், பட்டியலிலிருந்து அவருடைய பதிவை நீக்கிவிட்டால் கணக்கும் நீங்கிவிடுமா?

16. முனைவழி

நீங்காது. பட்டியலில் இல்லாதவரைப் பற்றி ஆன்சிபிளுக்கு எதுவும் தெரியாது. அவருடைய கணக்கு 40 சேவையகங்களிலும் உயிரோடு இருக்கும். பதிவை வைத்துக்கொண்டே ஸ்டேட் அளவுருவை 'ஆப்சென்ட்' என்று மாற்ற வேண்டும்.

ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள் என்பேன். கணக்கை நீக்கினாலும் முகப்பு அடைவுக்கு வெளியே அவருடைய கோப்புகள் உரிமையாளர் பெயரின்றி எண்ணோடு கிடக்கும். நீக்கப்பட்டவர் வைத்திருந்த எண்ணே அந்த வரம்பில் மிகப் பெரியது என்றால், எண் குறிப்பிடாமல் அடுத்து உருவாகும் கணக்குக்கு அதே எண் கிடைத்து, பழையவரின் கோப்புகள் புதியவர் கைக்கு வந்துவிடும். எனவே ஒருமுறை ஒதுக்கிய எண்ணை வேறெவருக்கும் மறுபடி கொடுக்காதீர்கள். அதற்காகவேனும் பழைய பதிவுகள் பட்டியலில் இருக்கட்டும்.

முதலில் கணக்கை முடக்குங்கள். கடவுச்சொல்லைப் பூட்டினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். யூசர்மாட் கட்டளையின் பெரிய எல் விருப்பம், ஷேடோ கோப்பில் ஹேஷுக்கு முன் ஒரு வியப்புக்குறியை இடுவதோடு சரி. எஸ்எஸ்எச் பொதுவிசை வைத்திருப்பவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதே இல்லையே, பூட்டிய பின்னும் அவர் நுழையக்கூடும். கணக்கின் காலாவதி நாளை 1 என்று வைப்பதும் சேர்ந்தால்தான் முழுமையாக முடங்கும். 1970 ஜனவரி 2-ஆம் நாளோடு கணக்கு முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். யூசர்மாட் கையேடும் இதையே பரிந்துரைக்கிறது. அவருடைய விசைகளையும் அகற்றிவிடுங்கள்.

17. புதுநிர்வாகி

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு வேலை முடிந்தது. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

மூத்தவரும் புதியவரும் சேர்ந்து அமர்ந்து பட்டியலைக் குறித்தார்கள். 1004 எண்ணில் 312 கோப்புகள் புதியவருடையவை என்று தெரிந்தது. அவற்றைக் கோப்புச் சேவையகத்தில் மாற்றினேன். பட்டியலில் இருந்த மற்ற கோப்புகளைத் தொடவில்லை. எண்களை 5000-இல் தொடங்கி ஒதுக்கியிருக்கிறேன். பிளேபுக்கை இரண்டாம் முறை ஓட்டியபோது 40 சேவையகங்களிலும் மாற்றம் 0 என்று வந்தது.

இடையில் ஒரு தடுமாற்றம். ஒரு டெபியன் சேவையகத்தில் எண் மாறிய பின், புதியவர் வைத்திருந்த கிரான் பணி (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) ஓடவில்லை. பழைய எண்ணில் எஞ்சிய கோப்புகளைத் தேடியபோது, வேறு கோப்பமைப்புகளுக்குள் போகாதிருக்க ஃபைண்ட் கட்டளைக்கு எக்ஸ்டெவ் விருப்பத்தைக் கொடுத்திருந்தேன். அந்தச் சேவையகத்தில் வார் அடைவு தனிக் கோப்பமைப்பாக இணைக்கப்பட்டிருந்ததால், அதற்குள் இருந்த கிரான்டேப் கோப்பு (கிரான் பணியின் அட்டவணை) தேடலில் அகப்படவில்லை.

18. இரவுப்பணி

கிரான்டேப், ஏட் பணிகள் (குறித்த நேரத்தில் ஒருமுறை மட்டும் ஓடுபவை) ஆகியவற்றின் உரிமையை நாமே மாற்ற வேண்டும் என்று யூசர்மாட் கையேட்டிலேயே இருக்கிறது. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: ஏசிஎல் (கூடுதல் அணுகல் உரிமைப் பட்டியல்) பதிவுகளிலும் எண்ணே சேமிக்கப்படுகிறது, சோன் அவற்றைத் தொடாது. பகிர்ந்த அடைவுகளில் ஏசிஎல் பயன்படுத்தியிருந்தால் கெட்ஃபேசிஎல் கட்டளையால் சரிபாருங்கள்.

19. புதுநிர்வாகி

பார்த்தேன். இரண்டு அடைவுகளில் 1004 எண்ணுக்கு எழுதும் உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டுமே மூத்தவருக்கு முன்பே கொடுக்கப்பட்டவை என்று அவர் உறுதி செய்ததால் அப்படியே விட்டுவிட்டேன். வார் அடைவிலும் தேடி, கிரான்டேப் கோப்பின் உரிமையாளரை மாற்றிவிட்டேன். இன்று காலைப் பணி உரிய நேரத்தில் ஓடியது.